அரை மணி நேரத்து மகள்

பாதித் தேங்காய் ஒன்று சமையலறையிலிருந்து உருண்டு வந்து சாப்பாட்டு மேசையின் காலில் முட்டி நின்றது. அதற்குப் பிறகுதான் ஆள் விழுந்த சத்தம் கேட்டது.

நேசமலர் ஓடி வந்தார். குனிந்து முதலில் எடுத்தது தேங்காயைத்தான். அதை ஊதித் தூசி தட்டி மேசையில் வைத்த பிறகே சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார். தேங்காய்த் திருவலைக்குப் பக்கத்தில், பிரிட்ஜோடு சாய்ந்தபடி, வேலைக்கு நிற்கும் ரமணி காலை நீட்டிக் கிடந்தாள். முகம் வெளிறி உதடு காய்ந்து போயிருந்தது.

"இதென்னடி கூத்து? காய்ச்சல் நேற்றோட விட்டிட்டுதெல்லே? பிறகேன் விழுறாய்?"

"ஒண்ணுமில்லீங்கம்மா. தல சுத்திருச்சு. இந்தா எந்திரிச்சுர்றேன்" என்றாள் ரமணி. எழும்பப் பார்த்தாள். முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

நாள் பார்த்து விழுந்தாள் என்றுதான் சொல்லவேண்டும். அன்றைக்குப் புத்தர் பிறந்த வெசாக் பௌர்ணமி. மறுநாளும் விடுமுறை. அந்த மறுநாள் மத்தியானம்தான் நேசமலரின் மைத்துனி குடும்பம் லண்டனிலிருந்து வந்து அந்தக் கொழும்பு வெள்ளவத்தை பிளாட்டில் சாப்பிடப் போகிறது. மைத்துனி, அவர் மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று ஒரு வான் வண்டி நிறைய ஆட்கள். வெசாக்குக்கு இறைச்சிக்கடைகள் பூட்டு என்பதால் ஆட்டிறைச்சியை முன்கூட்டியே வாங்கி உறைய வைத்தாயிற்று. மிளகாய்த்தூள் யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வந்து சேர்ந்தாயிற்று. எல்லாம் தயார். சமைக்கிற ஆள்தான் நிலத்தில் கிடந்தது.

நேசமலரைக் கொடுமைக்காரி என்று யாரும் சொல்ல முடியாது. அவர் சொல்ல விடமாட்டார். பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ரமணி வந்து சேர்ந்த நாளிலிருந்து அவளுக்கென்று தனிக் கோப்பை, தனித் தட்டு, அவற்றை வைக்கத் தொட்டிக்குக் கீழே தனி இடம். "அதுவும் நல்ல எவர்சில்வர். மற்ற வீடுகள்ல பிளாஸ்டிக்தான் குடுக்கிறவை" என்று கோயிலில் சந்திப்பவர்களுக்கெல்லாம் சொல்வார். தீபாவளிக்குச் சட்டை வாங்கிக் கொடுப்பார். காய்ச்சல் தொடங்கியபோதுகூட, சும்மா விடாமல், தன் முழங்கால் நோவுக்கு டொக்டர் தந்த விலைகூடிய குளிசைகளில் இரண்டைத் தினமும் தாராளமாகக் கொடுத்தார்.

அந்த முழங்காலுக்கு இரவில் எண்ணெய் பூசி உருவிவிடுவது ரமணிதான். இடியப்பமாவைப் பிசைவதும், நேசமலரின் நரைத்த தலைக்கு மை பூசுவதும் ரமணியின் கைதான். அந்தக் கை நேசமலரைத் தொடலாம். நேசமலரின் கை மட்டும் அவளைத் தொட்டதில்லை. காசு கொடுப்பதென்றாலும் மேசையில் வைப்பார், அவள் எடுத்துக்கொள்வாள். இது ஏன் இப்படி என்று அந்த வீட்டில் யாரும் யாரையும் கேட்டதில்லை. வெள்ளவத்தைக்கு ஒருவழிப் பாதைகள் புதிதல்லவே.

"இஞ்சேருங்கோ! உவளுக்கு ஆரும் டொக்டரைப் பிடியுங்கோ!"

சிவபாதசுந்தரம் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பொறியியலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். வேலையில் இருந்தபோது குளங்களின் மதகுகளைத் திறந்து மூடியவருக்கு வீட்டில் வாயைத் திறக்கத்தான் தைரியம் போதாது. அவர் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். குடும்ப டொக்டர் விடுமுறைக்கு நுவரெலியாவில். ஒழுங்கை முனையில் இருக்கும் டிஸ்பென்சரியில் 'திங்கள் வரை மூடப்படும்' என்று எழுதித் தொங்கவிட்டிருந்தது. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் அழகான குரல் ஒன்று, இன்று கடமையில் ஒரே ஒரு டொக்டர்தான், வெளியில் கதிரை போதாமல் ஆட்கள் நிற்கிறார்கள், வந்தால் நீங்களும் நிற்கலாம் என்றது. காலி வீதி முழுக்க வெசாக் விளக்குக் கூடு பார்க்க வந்த சனம். ஐஸ்கிரீமை இலவசமாகக் கொடுக்கும் தன்சல் பந்தலுக்கு நின்ற வரிசை பஸ் தரிப்பிடத்தைத் தாண்டி வளைந்து போயிருந்தது. முச்சக்கரவண்டிக்காரர்களும் அந்த வரிசையில்தான் நின்றார்கள்.

"பெரியாஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேணும் போல" என்றார் சிவபாதசுந்தரம்.

"கொண்டுபோனால் மறிச்சுப் போடுவாங்கள். பிறகு ஆர் அங்கை நிக்கிறது? நாளைக்கு ஆர் சமைக்கிறது? உங்கட தங்கச்சி வந்து பாணும் சம்பலும் திண்டிட்டுப் போகட்டோ?" நேசமலர் யோசித்தார். "பிரசாந் கனடாவிலயிருந்து காசு கட்டித் தந்த அந்த போன் டொக்டர் கிடக்கெல்லே? லீவு நாளிலயும் வருவினமாமே. அதில எடுங்கோ. நல்ல குளிசையா ஒண்டு எழுதுவிச்சால் உவள் நாளைக்கு எழும்பி நிப்பாள்."

மகன் பிரசாந் அந்தத் திட்டத்தை அப்பா, அம்மா, தங்கை தனுஷியா என்ற மூன்று பேருக்கும் எடுத்திருந்தான். சிவபாதசுந்தரம் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார்.

"நேசம், இதில நாலாவது ஆளையும் சேர்க்கலாம். இந்தா கிடக்கு, 'குடும்ப உறுப்பினரைச் சேர்க்க' எண்டு. உவளின்ர பேரைப் போடுவமே?"

"உங்களுக்கு விசரே? வேலைக்கு நிக்கிறதைக் குடும்ப உறுப்பினர் எண்டு எழுதுறதோ? பிரசாந் பாத்தா என்ன நினைப்பான்? அவன்ர பெண்சாதி வீட்டுக்காரர் பாத்தா?"

"அப்ப?"

"தனுஷியாவின்ர பேரில எடுங்கோ. அவள் கல்கிசைக்குப் போட்டாள், வரச் சுணங்கும். வயசும் கிட்டத்தட்ட வரும்."

இப்படியாக, வேலைக்காரியைக் குடும்பத்தில் சேர்த்துவிடக் கூடாது என்பதற்காக, நேசமலர் அவளைச் சொந்த மகளாக்கிக்கொண்டார்.

வேலைகள் மளமளவென்று நடந்தன. தனுஷியா கழித்துப் போட்ட ஹவுஸ்கோட் ஒன்று சமையலறைக்குள் எறியப்பட்டது. டொக்டர் பார்க்கும்போது வீடு நன்றாகத் தெரியவேண்டும் என்பதற்காக வரவேற்பறைச் செற்றியில் இடம் ஒதுக்கப்பட்டது. அந்தச் செற்றியை ரமணி தினமும் தூசி தட்டியிருக்கிறாளே தவிர அதில் உட்கார்ந்ததில்லை. இப்போதும் நேராக உட்காரவிடவில்லை. பழைய படுக்கை விரிப்பு ஒன்றை நான்காக மடித்துப் போட்டு, "அதுக்கு மேல மட்டும் இரு, அங்கால இங்கால அரக்காதை" என்றார் நேசமலர். ரமணி தட்டுத்தடுமாறி வந்து நுனியில் உட்கார்ந்தாள். தலை ஒருபக்கம் சாய்ந்தது.

"இஞ்சை பார். டொக்டர் என்ன கேட்டாலும் நீ வாயைத் திறக்கப்படாது. நீ உன்ர தோட்டத்துத் தமிழில கதைச்சால் ஆரெண்டு பிடிபட்டுப் போம். தொண்டை அடைச்சுப் போச்செண்டு நான் சொல்லுறன். விளங்கிச்சோ?"

ரமணி தலையாட்டினாள். அவளுக்கு அப்போது தலையாட்டுவதே பெரிய வேலையாக இருந்தது.

காத்திருக்கச் சொல்லித் திரை ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டது. ரமணி இரண்டுமுறை ஓங்காளித்தாள். இரண்டுமுறையும் நேசமலர் செற்றியைப் பார்த்தார். கடைசியில் பாட்டு நின்று, இளம் முகம் ஒன்று திரையில் வந்தது. கண்ணுக்குக் கீழே கருவளையம், பின்னால் பூச்சு உதிர்ந்த சுவர்.

"வணக்கம், நான் டொக்டர் சுகிர்தன். காக்க வைச்சதுக்கு மன்னியுங்கோ. இண்டைக்கு லீவெண்டபடியால் தமிழ் கதைக்கிறதுக்கு நான் ஒராள்தான். தனுஷியா ஆர்?"

"இவதான் தம்பி, என்ர மகள். தொண்டை அடைச்சுப் போச்சு, கதைக்க ஏலாது. நான் சொல்லுறன்."

"சரி அம்மா. போனைக் கொஞ்சம் இறக்கிப் பிடிக்கச் சொல்லுங்கோ. எனக்கு மின்விசிறிதான் தெரியுது."

சிவபாதசுந்தரம் பதறிப்போய் இறக்கினார். இப்போது அவருடைய பெருவிரல் தெரிந்தது. கடைசியில் நேசமலர் போனைப் பறித்து, செற்றிக்கு முன்னாலிருந்த கண்ணாடி மேசையில் பூச்சாடியோடு சாய்த்து வைத்தார். அப்படி வைக்கும்போதுதான் டொக்டரை நன்றாகப் பார்த்தார். முகவெட்டு நல்ல முகவெட்டு. விரலில் மோதிரம் இல்லை. தனுஷியாவுக்கு மாப்பிள்ளை தேடித்தேடி அவர் செருப்புத் தேய்ந்திருந்த காலம் அது.

"காய்ச்சல் எத்தினை நாள் அம்மா?"

"ரெண்டு நாள்தான் தம்பி. நேற்று விட்டிட்டுது. தம்பி எவடம்?"

"நான் இப்ப வன்னியில வேலை. காய்ச்சல் விட்ட பிறகு சத்தி எடுத்தவவோ?"

"இல்லை இல்லை. வேலை அங்கையெண்டால், ஊர்?"

"பருத்தித்துறை. வயிற்று நோ இருக்கோ?"

"பருத்தித்துறையில எவடம்?"

"கடற்கரைப் பக்கம். அம்மா, வயிற்று நோ இருக்கோ எண்டு கேட்டனான்."

"கடற்கரையெண்டால் வெளிச்சவீட்டுக்கு இங்காலையோ, அங்காலையோ?"

யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இந்தக் கேள்வி எங்கே போய் நிற்கும் என்று தெரியும். ஊர் கேட்பார்கள், வீதி கேட்பார்கள், கோயில் கேட்பார்கள், கோயிலுக்கு எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். கேட்கவேண்டிய ஒன்றை மட்டும் வாயால் கேட்கமாட்டார்கள். டொக்டருக்கும் அது தெரிந்திருக்கவேண்டும். அவர் சிரித்தார்.

"அம்மா, என்ர ஊர் ஓடிப்போகாது. இப்ப பிள்ளையைப் பாப்பம். காய்ச்சல் விட்டிட்டுதெண்டு சந்தோசப்படாதேங்கோ. டெங்கெண்டால் விட்ட பிறகுதான் பயம். நான் இஞ்சயிருந்து தொட்டுப் பாக்க ஏலாதுதானே, நீங்கதான் எனக்குக் கை. சாய்ந்து படுக்கச் சொல்லிப்போட்டு, வலப்பக்க விலாவுக்குக் கீழ மெல்ல அமத்திப் பாருங்கோ."

நேசமலர் திகைத்துப் போனார். தொடுவதைப் பற்றி அவர் யோசிக்கவே இல்லை. போன் டொக்டர் என்றால் போனிலேயே எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தார். கணவரைப் பார்த்தார். கணவர் மின்விசிறியைப் பார்த்தார். ரமணி சாய்ந்தபோது மடித்த விரிப்பு சரிந்து கீழே விழுந்தது. அவளுடைய வியர்த்த தலை செற்றியின் கைப்பிடியில் பட்டது. நேசமலரின் கண் அந்தக் கைப்பிடியிலேயே நின்றது.

ஆபத்துக்குப் பாவமில்லை என்பார்கள். ஆனால் யாருடைய ஆபத்துக்கு என்று யாரும் தெளிவாகச் சொல்லிவைக்கவில்லை. நேசமலர் சாப்பாட்டு மேசையில் கிடந்த மர அகப்பையை எடுத்துவந்து, காம்பால் ரமணியின் வயிற்றை மெதுவாகக் குத்திப் பார்த்தார்.

"அது என்னம்மா கையில?"

"அகப்பை தம்பி. சமைச்சுக்கொண்டு நிண்டனான், கை முழுக்க மிளகாய்த்தூள். பிள்ளைக்கு எரியும்."

"பரவாயில்லை. நோகுதோ?"

ரமணி முகத்தைச் சாய்மணைப் பக்கம் திருப்பிப் பல்லைக் கடித்தாள். கண்ணில் நீர் முட்டியது.

"நோகேல்லையாம்" என்றார் நேசமலர்.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. கறுப்புக் கண்ணாடியைத் தலையில் ஏற்றியபடி, தன்சலில் வாங்கிய ஐஸ்கிரீம் கோப்பையோடு தனுஷியா உள்ளே வந்தாள். வந்தவள் தன் ஹவுஸ்கோட்டில் ரமணி செற்றியில் படுத்திருப்பதையும், தன் தாய் அவளை அகப்பையால் குத்திக்கொண்டிருப்பதையும் கண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

"பின்னால ஆர் அம்மா?" என்று கேட்டது திரை.

மகளென்று சொல்ல வழியில்லை. மகள் ஏற்கெனவே செற்றியில் கிடக்கிறாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று சொல்லியிருக்கலாம். நேசமலருக்கு அந்தக் கணத்தில் வாயில் வந்தது வேறு.

"அது... அது எங்கட வீட்டில வேலைக்கு நிக்கிற பிள்ளை தம்பி."

தனுஷியாவின் வாய்க்குள் போன ஐஸ்கிரீம் உள்ளே இறங்கவில்லை. டொக்டர் ஒரு கணம் அந்தக் கறுப்புக் கண்ணாடியையும் ஜீன்சையும் பார்த்தார்.

"நல்லது அம்மா. வேலைக்கு நிக்கிற ஆக்களை நீங்கள் நல்லா வைச்சிருக்கிறியள். எத்தினை வீடுகள்ல நான் பாக்கிறனான், அதுகளைக் கிட்டவும் விடமாட்டினம்."

"எங்கட பிள்ளை மாதிரித்தான் தம்பி" என்றார் நேசமலர். அவர் வாழ்க்கையில் சொன்ன பெரிய பொய்களில் இது ஒன்றுதான் முழுக்க உண்மையாக இருந்தது. ஆனால் அந்த உண்மையை நினைத்து அவர் வயிறு எரிந்தது. வன்னியில் வேலை, பருத்தித்துறைப் பிறப்பு, மோதிரமில்லாத விரல். இப்படியொரு மாப்பிள்ளை திரையில் வந்து நிற்கிறான், பெற்ற மகளை வேலைக்காரி என்று காட்டியாயிற்று.

"தங்கச்சி, உங்கட பேர் என்ன?" என்று டொக்டர் தனுஷியாவைக் கேட்டார்.

தனுஷியா தாயைப் பார்த்தாள். தாயின் கண் கெஞ்சியது. அவளுக்குள் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன.

"ரமணி" என்றாள்.

"ரமணி, நீங்கள் ஒருக்கா வந்து தனுஷியாவின்ர கையைப் பிடிச்சு, நகத்தை அமத்தி விட்டுப் பாருங்கோ. அம்மாவின்ர கையில மிளகாய்த்தூளாம்."

"அவளுக்கு உதெல்லாம் தெரியாது தம்பி" என்று நேசமலர் குறுக்கே விழுந்தார். மகள் திரைக்குக் கிட்ட வந்தால் பிறகு அந்த முகம் டொக்டருக்கு மறக்காது என்ற பயம். "ரமணி! நீ போய்த் தேங்காயைத் திருவு!"

பிறந்ததிலிருந்து தேங்காய் திருவாத தனுஷியா, மேசையிலிருந்த பாதித் தேங்காயைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். போய்த் திருவவில்லை. கதவு நிலையில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சரி, நீங்களே பாருங்கோ அம்மா. நகத்தை அமத்தி விட்டால் உடனே சிவக்க வேணும்."

நேசமலர் கைக்குட்டையால் ரமணியின் விரலைப் பிடித்தார். கைக்குட்டைக்குள் நகம் மறைந்து போனது.

"உடனே சிவக்குது தம்பி."

"கை குளிரோ, சூடோ?"

"நல்ல சூடு."

"கடைசியா எப்ப சலம் போனவ?"

நேசமலருக்கு எப்படித் தெரியும்? ரமணி பயன்படுத்துவது கீழே வாகனத் தரிப்பிடத்துக்குப் பக்கத்திலிருக்கும் மலசலகூடம். நான்கு மாடி இறங்கவேண்டும். அவள் அன்றைக்கு இறங்கினாளா இல்லையா என்று பார்த்தவர் யார்?

"விடியப் போனவள் தம்பி. நல்லாப் போனவள். பயப்பட ஒண்டுமில்லை. நாளைக்கு எழும்பி நடக்கிற மாதிரி ஒரு நல்ல குளிசை மட்டும் எழுதித் தாங்கோ."

டொக்டர் யோசித்தார். அவரால் பார்க்கத்தான் முடிந்தது. மிச்சமெல்லாம் இந்த அம்மாவின் வாயில்தான் இருந்தது. "வயிற்று நோ இல்லை, சத்தி இல்லை, கை சூடு, சலம் போகுது... அப்படியெண்டால் இரவைக்கு வீட்டில வைச்சுப் பாக்கலாம். குடிக்க நிறையக் குடுங்கோ. நாளைக்கு எங்கையாவது லாப் திறந்திருந்தால் இரத்தம்..."

"டாக்டர் ஐயா."

குரல் சின்னதாகத்தான் வந்தது. சிவபாதசுந்தரம் பக்கத்து வீட்டிலிருந்து வந்ததென்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார்.

"டாக்டர் ஐயா, நேத்து சாயங்காலத்துலருந்து எனக்கு ஒண்ணுக்கே வரல. வயிறு இந்தப் பக்கம் பிடுங்குது. அஞ்சாறு தடவ வாந்தி எடுத்துட்டேன். கையெல்லாம் சில்லுன்னு கெடக்கு. ரெண்டு நாளு இல்லீங்க, நாலு நாளு காச்சல் அடிச்சுச்சு. அம்மா முட்டிக்குப் போடுற மாத்திரயத் தெனம் குடுத்தாங்க, அதையும் போட்டுருக்கேன்."

"ஏனடி வாயைத் திறந்தனீ?" நேசமலரின் குரல் அடித்தொண்டையில் வந்தது. "நான் உனக்கு என்ன சொன்னனான்?"

ரமணி செற்றியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தலையை உயர்த்தினாள். அந்த வீட்டில் அவள் நேசமலரின் முகத்தை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"சாகப் போறது நானுங்கம்மா. அக்கா பேருல செத்தேன்னா எங்க வீட்டுக்கு யாருங்க சொல்லுவா?" பிறகு திரையின் பக்கம் திரும்பினாள். "நான் தனுஷியா இல்லீங்க ஐயா. ரமணி. இங்க வேல செய்றேன்."

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று நேசமலர் தன் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தவர். வாய் எல்லோருக்கும் இருக்கிறது என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

டொக்டர் யாரையும் ஏசவில்லை. "ரமணி" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "நீங்கள் சொன்னது நல்லது, ரமணி. இனி ஒண்டும் குடிக்கவோ எழும்பவோ வேண்டாம். நான் இஞ்ச இருக்கிறன். அங்க ஆராவது ஒராள் அவவின்ர கையைப் பிடியுங்கோ. வெறுங்கையால."

சமையலறைக் கதவிலிருந்து தனுஷியா வந்தாள். நிலத்தில் முழந்தாளிட்டு ரமணியின் கையை எடுத்தாள். ஐஸ்கிரீம் பிடித்திருந்த தன் கையைவிட அது குளிர்ந்திருந்தது. இரண்டு வருடமாக அந்தக் கை பிசைந்ததைத் தின்றிருக்கிறாள், அது மடித்த உடுப்பைப் போட்டிருக்கிறாள். பிடித்துப் பார்த்தது அன்றைக்குத்தான். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

நகத்தை அமத்தி விட்டாள். வெள்ளை வெள்ளையாகவே நின்றது.

"சிவக்குதில்லை டொக்டர்."

"நீங்கள் ஆர்?"

"நான்தான் தனுஷியா."

டொக்டர் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார். "அந்தக் கதையைப் பிறகு கதைப்பம். பத்தொன்பது தொண்ணூறு, ஒண்டு ஒம்பது ஒம்பது சைபர், அதுக்கு அடியுங்கோ. அம்புலன்ஸ் சும்மா வரும், காசில்லை. டெங்கு, இரத்த அமுக்கம் விழுகுது எண்டு சொல்லுங்கோ. முழங்கால் குளிசை குடுத்ததையும் மறக்காமல் சொல்லுங்கோ, அது இரத்தம் பாயப் பண்ணும். அம்புலன்ஸ் வந்து ஏத்துற மட்டும் லைனை வெட்ட வேண்டாம்."

"தம்பி, அவள் சின்னப் பிள்ளை, பயத்தில உளறுறாள்..." என்று நேசமலர் தொடங்கினார்.

"அம்மா" என்றார் சிவபாதசுந்தரம். கட்டிய மனைவியை அவர் அம்மா என்று கூப்பிட்டது டொக்டரின் பழக்கம் தொற்றியதாலா, தைரியம் வந்ததாலா தெரியாது. "நீ கொஞ்சம் பேசாமல் இரு." முப்பத்தைந்து வருடத்தில் திறந்த முதல் மதகு அது.

தனுஷியா தன் போனில் அடித்துச் சொன்னாள். வெசாக் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு அம்புலன்ஸ் வந்து சேர்ந்தது. தன்சலில் நின்ற பெடியன்கள் கரண்டியையும் வாளியையும் போட்டுவிட்டு ஓடிவந்து வீதியில் சனத்தை விலக்கினார்களாம். வந்த ஊழியர் சிங்களத்தில், நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு, கூட யார் வருவது என்று கேட்டார். நேசமலர் பிரிட்ஜின் பக்கம் பார்த்தார். "மம என்னங்", நான் வருகிறேன் என்று தனுஷியா சிங்களத்திலேயே சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள். ஊழியர் பெயரைக் கேட்டபோது தனுஷியா பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் படுத்திருந்தவளே "ரமணி" என்று சொல்லிவிட்டாள். சிவபாதசுந்தரம் லிப்டைப் பிடித்து நிறுத்தி, கீழேவரை கூடப் போனார்.

வாசிப்பவர்கள் பயப்படவேண்டாம். ரமணி பிழைத்துக்கொண்டாள். பெரியாஸ்பத்திரியில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர் கிடந்த நோயாளர் விடுதியில், கண் மூடாமல் நின்ற தாதிமார் சேலைனைச் சொட்டுச் சொட்டாகக் கணக்குப் பார்த்து ஏற்றி அவளை இழுத்து எடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் சுணங்கியிருந்தால் கஷ்டம் என்று அங்கே சொன்னார்கள். வெள்ளவத்தைக்கு அவள் திரும்பி வரவில்லை. லண்டன்காரர் பாணும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு, இப்படிச் சாப்பிட்டு எவ்வளவு நாள் என்று புகழ்ந்துவிட்டுப் போனார்கள். இதெல்லாம் பிறகு நடந்தவை.

அன்று மாலை லிப்டின் கதவு மூடிய பிறகு பிளாட்டில் நேசமலர் மட்டும் நின்றார். வீடு அமைதியாக இருந்தது. தன்சல்காரரின் பக்திப் பாட்டு மட்டும் தூரத்தில் கேட்டது. அவர் குளியலறைக்குள் போய்ச் சவர்க்காரம் போட்டு முழங்கைவரை கை கழுவினார். வாளியில் தண்ணீர் பிடித்து டெட்டோல் ஊற்றினார். தலை பட்ட கைப்பிடியிலிருந்து தொடங்கினார். பிறகு சாய்மணை. பிறகு கால் நீட்டிய இடம். துணியைப் பிழிந்து பிழிந்து, முழங்கால் நோவையும் பாராமல் நிலத்தில் குந்தியிருந்து, நல்ல கவனமாகத் துடைத்தார்.

"அம்மா."

நேசமலர் துள்ளி விழுந்தார். கண்ணாடி மேசையில், பூச்சாடியோடு சாய்ந்தபடி, போன் இன்னும் விழித்திருந்தது. லைனை வெட்ட வேண்டாம் என்று சொன்னதை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

"ஏத்தியாச்சோ எண்டு கேக்கத்தான் நிண்டனான்" என்றார் டொக்டர் சுகிர்தன். அவர் எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று தெரியவில்லை. குரலில் கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது. "நீங்கள் இதுக்குப் பயப்படத் தேவையில்லை அம்மா. டெங்கு நுளம்பு கடிச்சுத்தான் வாறது. தொட்டால் ஒட்டாது."

"அது எனக்குத் தெரியுந்தானே தம்பி" என்றார் நேசமலர், மற்றக் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டே.